கசிவு நின்ற பல்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம், என் கீழ்த்தாடை இடது கடைவாய்ப்பல் நீங்கலாக. அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன மாதம் போனில் நான் வெறும் "ம்" கொட்டியதற்கு, தம்பிக்கு என்மேல் ஏதோ கோபம் என்று அத்தானிடம் புலம்பினாயாம். கோபமெல்லாம் இல்லை அக்கா, வீக்கத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு நீ சொன்னது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் ஈறில் வந்த கொப்புளம் தானாக உடைந்துவிட்டது, வலி பறந்துவிட்டது, இனி டாக்டர் எதற்கு என்றாய். போனில் பதில் சொன்னால் நடுவில் வெட்டி உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள், பல்லே வலித்தால் எதைக் கடித்துக்கொள்வது? உன் தம்பி பெண்டாட்டி டாக்டரிடம் போகச் சொன்னாள். ஊர்க் குழாயையெல்லாம் சரிசெய்கிறவனுக்கு ஒரு பல்லைச் சரிசெய்யத் தெரியாதா என்று கிராம்பை வைத்தேன், அவளுடைய முழங்கால் வலி மாத்திரையை விழுங்கினேன், மாடி வீட்டுத் தையல்காரர் பேச்சைக் கேட்டு இன்னொரு மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பினேன், ஈறு வெந்தது. கன்னத்தில் வெந்நீர்ப் பை வைத்தேன், வீக்கம் பந்து மாதிரி ஆகி ஒரு கண்ணே சின்னதாகிவிட்டது. அப்புறம் ஒரு காலையில் வாய்க்குள் ஏதோ உடைந்து, உப்பும் நாற்றமுமாக வழிந்தது, துப்பினேன், வலி போய்விட்டது. வெற்றி, வெற்றி என்று கெட்டி பிஸ்கட்டாகப் பார்த்துக் கடித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பல் டாக்டரம்மா ஒருத்தி, சின்ன வயதுதான் இருக்கும். கீழே கிளினிக், மேலே வீடு, குளியலறைச் சுவரில் ஈரம். ஏற்கெனவே ஒருமுறை கசிந்து, தானாகக் காய்ந்ததும் மேலே பெயின்ட் அடித்துவிட்டார்களாம். எனக்கு இந்த வகை ஆட்களைக் கண்டாலே பொறுக்காது, உனக்குத்தான் தெரியுமே. சுவரைத் தட்டிக் காட்டி, "கசிவு நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா, தண்ணி வேற வழி பாத்துக்கிச்சு. உள்ள உடைஞ்ச குழாயப் பாக்காம மேல பூசினா சுவரே போயிடும்" என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினேன். அந்தம்மா சுவரைப் பார்க்கவே இல்லை, என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரை இடித்துத் திறந்து, புதுக் குழாயை நாளைக்கு வந்து மாட்டுகிறேன் என்றதும், கீழே வாங்க என்று கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்துவிட்டாள்.

எக்ஸ்ரேயில் பல் வேரின் நுனியில் கறுப்பாக ஒரு திட்டு. சொத்தை உள்ளே நரம்பு வரைக்கும் போய், நரம்பு செத்து, கிருமி வேர் வழியாக இறங்கி, தாடை எலும்பில் சீழ் கட்டியிருக்கிறதாம். கொப்புளம் உடைந்தது சீழ் வெளியே வர வழி தேடிக்கொண்டதுதான், ஊற்று உள்ளேயே இருக்கிறதாம். மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டேன். "மேல பெயின்ட் அடிக்கிற மாதிரிங்க அது" என்றாள். எனக்கு அசடு வழிந்தது. ஒன்று பல்லைப் பிடுங்க வேண்டும், இல்லை வேருக்குள் இருக்கிற அழுகலைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, நாள் நேரம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். அங்கே போய்ச் சேராமல் உயிரை விட்டவர்களும் உண்டு என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சாதாரணமாகக் கேட்கவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, சீழை வடித்து, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினாள். ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கைப்பிடியை நான் பிடித்த பிடியில், ரெஞ்சு போட்டாலும் கழன்றிருக்காது. பயந்தேன் அக்கா, சொல்ல வெட்கமில்லை. ஆனால் வலிக்கவில்லை. அதனால் சொல்கிறேன், தயவுசெய்து நீ போ. வலி இல்லை என்று ஏமாறாதே. அம்மா போன பிறகு என்னை வாடா போடா என்று திட்ட நீ ஒருத்திதான் மிச்சம். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்த் திட்டு வாங்குவேன்?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், இரண்டு வேளையும் பல் துலக்கச் சொல்.

உன் பிரியமுள்ள தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் தம்பி பெண்டாட்டி இதை வாங்கிப் படித்துவிட்டாள். தற்காலிகமாக மூடின பல்லை நிரந்தரமாக அடைக்க எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டாள். போன வாரம். வலிதான் இல்லையே என்று நான் போகவில்லை. அந்தம்மா வீட்டுச் சுவரும் திறந்தபடியேதான் கிடக்கிறது, குழாயை மாட்டப் போனால் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாளே. கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு நான் எடுக்காத போனை இவள் எடுத்து, இன்றைக்கே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது என் ரெஞ்சுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். திட்டக்கூட இல்லை அக்கா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, கசிவு நின்னுடுச்சா?"