சொல்லாதே என்று நீ எழுதிய பட்டியல்

வடக்கு ஆலடிமங்கலம்,
திருத்துறைப்பூண்டி தாலுகா,
4-10-1972

சென்னையில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி தியாகுவுக்கு, உன் தாய்மாமன் உலகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. மேலே பிள்ளையார் சுழியைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் போட்டிருக்கிறேன். இங்கே தபால்காரர் சாமி இல்லை என்கிற கட்சிக்காரர். நானும் உன் அத்தை அம்சமும் இரண்டு உழவு மாடும் சுகம். இதில் என்னோடு பேச்சுவார்த்தை வைத்திருப்பது மாடுகள் மட்டும். உன் சுகத்துக்கு எழுதவும். எழுதும்போது இனிமேல் பட்டியல் எதுவும் வைக்க வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போன வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. இது அதற்குப் பிறகு வந்தது. நம் ஆறு மா நிலம் கையை விட்டுப் போகிற நிலைமையில் இருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் நீ. மீதிப் பாதி யார் என்பதை உன் அத்தை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதால் நான் தனியாக எழுத வேண்டியதில்லை. குத்தகைதாரராகச் சர்க்கார் புத்தகத்தில் என் பெயர் ஏறிவிட்டால் அந்த நிலத்திலிருந்து என்னை யாராலும் இறக்க முடியாது, ஏறாவிட்டால் வருகிற தை அறுப்போடு நிலத்துக்காரர் சாரங்கபாணி வேறு ஆளுக்கு விட்டுவிடுவார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதானே மூன்று பக்கம் எழுதினாய்? முதல் பக்கம் சட்டம். இரண்டாம் பக்கமும் சட்டம். மூன்றாம் பக்கத்தில் 'மாமா சொல்லக்கூடாதவை' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு வேறு கிழித்து, உடலால் உழைக்கிறவருக்குத்தான் பதிவு, ஆகவே சேற்றில் கால் வைப்பதில்லை என்று சொல்லாதீர்கள், பத்து ஆள் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தாய். சட்டம் நீளமாக இருந்தபடியால் நான் மூன்றாம் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன். மூன்று நாள். மாட்டுக்கு வைக்கோல் போடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனுஷன் ஏன் தப்பான பேச்சைப் பேசுகிறான் என்பதை நான் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் என்பதால் எனக்கு மற்றவர்களைவிட ஆழமாகத் தெரியும். நம் வாய்க்காலில் தண்ணீர் எங்கே உடைத்துக்கொள்கிறது? சும்மா கிடக்கிற கரையிலா? போன வாரம் மண்ணைக் கொட்டி மிதித்து அடைத்தோமே, அந்த இடத்தில்தான். அதுபோல ஒருத்தன் எந்த வார்த்தையை அடைத்து வைக்கிறானோ, நாக்கு நாள் பூராவும் அந்த இடத்துக்கே போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கும். நீ அடைக்காமல் விட்டிருந்தால் அந்த வார்த்தை தன் பாட்டுக்குக் கிடந்திருக்கும்.

முதலில் நீலாம்பாள் சாவைச் சொல்கிறேன். சாரங்கபாணியின் பெரியம்மாள், வயது தொண்ணூறு. நான் ஊரில் தொண்ணூற்றெட்டு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தின வாரம்தான் சாரங்கபாணி, "பேரு ஏறுனா ஏறிட்டுப் போவுது உலகநாதா, நான் ஒண்ணும் குறுக்க நிக்கல" என்று வாயால் சொல்லியிருந்தார். துக்கத்துக்குத் தலையைக் காட்டி அந்த வார்த்தையை வாடாமல் வைத்துக்கொள்வோம் என்று நானும் அத்தையும் கிளம்பினோம். வரப்பில் இறங்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். "இந்தாங்க, எழவு வீட்டுல கெளம்பறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்லிப்புடாதீங்க. ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்துரணும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன்."

வாய்க்கால் பாலத்தில் ஒரு தடவை, களத்து மேட்டில் ஒரு தடவை, அவர்கள் வாசலில் செருப்பை விடும்போது ஒரு தடவை. அங்கே முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். நான் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். செத்தவளைவிட்டு என்னையே எல்லாரும் பார்த்தார்கள். எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். இருபது அடி நடந்திருந்தால் தெருவுக்கு வந்திருப்பேன். நடக்காமல் திரும்பி, கைகூப்பி, கட்சிக் கூட்டத்தில் பேசுகிற குரலில், "அப்ப போயிட்டு வர்றேங்கய்யா" என்றேன்.

ஒப்பாரி நின்றுவிட்டது. சாரங்கபாணி நிமிர்ந்து பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தவறைத் திருத்தாமல் போவது நம் குடும்ப வழக்கமில்லையே. "தப்பா நெனைக்காதீங்கய்யா, இந்த மாதிரிக் காரியத்துக்கு நான் ஏன் திரும்ப வரப்போறேன்" என்றேன். அது, இன்னொரு துக்கம் நடந்தால் வராமல் இருந்துவிடுவேன் என்பதுபோல் எனக்கே கேட்டது. "வராமலும் இருக்கமாட்டேன்" என்றேன். வார்த்தை இன்னும் சரியாக உட்காரவில்லை. "இந்த வீட்டுல பெரியவங்கன்னு இனிமே நீங்க ஒருத்தர்தானே பாக்கி, ஒங்களுக்கு வராம இருப்பனா" என்று முடித்தேன். அத்தை என் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சாரங்கபாணி ஆட்சேபணை மனுக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. எனக்குப் பத்து ஆள் வேலை செய்வதாக இருபது வருஷமாக ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான். உள்ளபடி ஒரு ஆளும் கிடையாது. விடிவதற்கு முன்னால் நானே ஏர் பூட்டி உழுதுவிட்டு, ஊர் எழுந்திருக்கும்போது குளித்து வெள்ளை வேட்டி கட்டிக் குடையோடு வரப்பில் நிற்பேன். ஆட்கள் எங்கே என்றால், "இப்பதான் போனானுவ" என்பேன். நடவு, களை, அறுப்பு எல்லாம் உன் அத்தை. நாலு பெண்கள் சேர்ந்துகொண்டு, அவர்கள் வயலுக்கு இவள், இவள் வயலுக்கு அவர்கள். அவளைச் சேற்றில் யாராவது பார்த்துவிட்டால், "பொழுது போவலன்னு எறங்கியிருக்கா" என்பேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணை. ஐந்நூறு பேர் கூட்டம். பதிவு அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். நான்தான் கைகாட்டி உட்காரச் சொன்னேன். விவசாயச் சங்கத்து வீரையன் என் காதோடு, "அண்ணே, நான்தான் உழுவுறேன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். அதுக்கு மேல வாயத் தெறக்காதீங்க" என்றான். பார், அவனும் ஒரு மடையை அடைத்தான். அதிகாரி கேட்டார்: "நெலத்துல யாரு வேலை பாக்கறது?" நான் "நான்தாங்க உழுவுறேன்" என்று சொல்லியேவிட்டேன், தியாகு. அவர் எழுதிக்கொள்ளப் பேனாவையும் திறந்துவிட்டார். அப்போது சாரங்கபாணி, ஆட்சேபணையைப் பற்றி மூச்சே விடாமல், என் மேல் இரக்கப்பட்டவர்போல, "பாவம்ங்க உலகநாதன். இந்த வயசுல மாட்டு வாலப் புடிச்சிக்கிட்டுச் சேத்துல கெடக்கறாரு. ஒரு ஆள் வெச்சுக்க வசதியில்ல" என்றார். அறுநூறு பேர் முன்னால்.

"யாருக்கு வசதியில்ல? நான் சேத்துல கால் வெச்சுப் பதினஞ்சு வருசமாச்சு. பத்து ஆள் வெச்சிருக்கேன்" என்று என் வாய் சொல்லிற்று. நான் சொல்லவில்லை. நீ எழுதியிருந்த வரிசையிலேயே ஒன்று விடாமல் வந்தது. வீரையன் தலையில் கைவைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"பத்து ஆளா? பேரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"கருப்பன், வெள்ளையன்" என்றேன். அவை நம் இரண்டு மாட்டின் பெயர். அதற்கு மேல் என்னிடம் ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா உன் அத்தை வர வேண்டும்? என் வாயை நம்பாமல் நடவைப் பாதியில் விட்டு ஓடிவந்தாளாம். தூக்கிச் சொருகின புடவை, முழங்கால் வரை சேறு, கையில் ஒரு கட்டு நாற்றுகூட இருந்தது. "இந்தம்மா யாரு?" என்றார் அதிகாரி. பத்து ஆளில் இரண்டு பேரைத்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று கண்ணெதிரே நிற்கிறது. "அது நம்ம வயல்ல நடவு நடுற ஆளுங்க" என்றேன்.

எழுநூறு பேரும் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் கல்யாணத்தில் மொய் எழுதினதே அவர்தான். அத்தை சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "ஆமாங்கய்யா, ஆளுதான். இருவத்திரண்டு வருசமா நடுறேன். கூலிதான் இன்னும் குடுக்கல" என்று சொல்லிவிட்டு நின்றாள். அதிகாரி அவள் காலையே பார்த்தார். பிறகு நெடுநேரம் எதையோ எழுதிக் காகிதக் கட்டைக் கட்டினார். "போங்க" என்றார்.

அன்றிலிருந்து சோறு வைக்கிறாள். "சாப்பிடச் சொல்லு" என்று கருப்பனிடம் சொல்கிறாள். நிலம் போனால் போகிறது, நாலு ஊர் என்னைக் கணக்கு எழுதக் கூப்பிடுகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. நிலம் போனால் அவள் இருபத்திரண்டு வருஷம் குனிந்து நட்டது யாருக்கு என்று ஆகிவிடும், அதுதான்.

ஆகையால் உத்தரவு வரட்டும் என்று காத்திராமல், இதைக் கண்டவுடன் மேல்முறையீட்டுக்கு எழுது. உலகநாதன் சொன்னது அத்தனையும் வீண் ஜம்பம், அவர் தினமும் சேற்றில் கிடக்கிறவர்தான் என்று நீயே சாட்சி சொல். ஊரில் சாட்சி கிடைக்காது. அத்தனை சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருக்கிறேன். நீ பதவியில் உயர்ந்து, கை கால் சுகத்தோடு இருந்து, எதையும் சொல்லாதே என்று சொல்லாத ஒரு பெண் உனக்கு வாய்க்க வேண்டுமென்று வாழ்த்துகிறேன்.

உன் அன்புள்ள மாமன்,
உலகநாதன்

பின்குறிப்பு (7-10-72): மேல்முறையீடு வேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துவிடு. நான் இதைத் தபாலில் போடுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை சத்தம் போட்டுப் படித்தார். குத்தகைதாரர்: அம்சம். உடலுழைப்பு: நேரில் காணப்பட்டது, கணவர் உலகநாதனால் உறுதி செய்யப்பட்டது. வருஷா வருஷம் குத்தகை நெல்லை அளந்து கொடுத்ததும் அவள்தான் என்று கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறார். குடும்பத்தில் யார் உழைத்தாலும் செல்லும் என்று உன் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறதாம். அதைத் தலைப்புப் போட்டு, அடியில் கோடு கிழித்து எழுதியிருக்கக் கூடாதா?

அத்தை பேசிவிட்டாள். முதல் பேச்சே, "மேலண்ட ரெண்டு மா இன்னும் உழவு பாக்கி. என் நெலத்துக்கு ஒரு ஆள் வேணும். கூலி கெடயாது. இருட்டு வேல கெடயாது. காலயில பத்து மணிக்கு, திருத்துறைப்பூண்டி பஸ் போறப்ப ஏர் ஓடணும். சம்மதமா?" என்பதுதான். சம்மதம் என்றேன். ஒரே வார்த்தை, கூட ஒன்றும் சேர்க்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது பிள்ளைகளோடு சேர்த்து நாற்பது பேர் என்கிறாள். மையில் எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது.

நாளைப் பகலில் இறங்குகிறேன். இதை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. எழுதின பிறகுதான் பார்க்கிறேன், சொல்லாதே என்று எழுதிவிட்டேன். சரி, இனி நீ எப்படியும் சொல்லத்தான் போகிறாய். சொல்லும்போது பத்து ஏர் ஓடியதாகச் சொல்.