மூன்று தரம் கூப்பிடுவது பற்றி

சிவமயம்

குன்றாண்டார்கோவில்,
சுபானு வருஷம், ஆடி மாதம்.

புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை நடத்திவரும் மச்சான் ரத்தினவேல் அவர்களுக்குத் தங்கை புருஷன் குழந்தைசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் தங்கை உண்ணாமலையும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் செவந்தியும் அம்பாள் கிருபையால் சுகம். சுகம் என்று எழுத வேண்டும் என்பதால் எழுதினேன், எனக்குச் சுகமில்லை.

எங்கள் குடும்ப வழக்கம் தாங்கள் அறிந்ததுதான். பகல் சாப்பாட்டுக்கு உட்காருமுன் வீட்டுக்குப் பெரியவன் வாசலில் நின்று, "பசித்தவர் உண்டோ" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்பா காலத்தில் கண்மாய் நிறைந்து கிடந்தது, ஊரே சாப்பிட்டிருக்கும், ஒருவரும் வரமாட்டார்கள். அவர் குரலோ அடுத்த ஊருக்குக் கேட்கும். செலவில்லாத புண்ணியம். இந்த வருஷம் மழையில்லை, யுத்தத்தால் கடையில் அரிசியில்லை, நான் வாயைத் திறக்குமுன்னே எங்கள் வயலை உழுகிற பெரியகருப்பன் முதலாகத் தெருவே வந்து நிற்கிறது. குரலைக் குறைத்தேன். வேளையை மாற்றி முற்பகலிலேயே இலை போடச் சொன்னேன். குழம்பு வாசம் போய்ச் சொல்லிவிட்டது. கொல்லைப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன், "மாட்டுக்கா பசிக்குது? தெருவப் பாத்துக் கூப்பிடுங்க" என்றாள் உங்கள் தங்கை. தொண்டை கட்டிவிட்டது என்றேன். திப்பிலிக் கஷாயம் கொடுத்தாள், குரல் வெண்கல மணியாகிவிட்டது. பத்தாயத்தில் அடுத்த அறுப்பு வரை நெல் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறுப்பும் பொய்த்தால்? வழக்கத்தை நிறுத்தினால் செவந்திக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம், நிறுத்தாவிட்டால் பத்தாயம் என்ன ஆகுமோ என்று பயம். இல்லாதவனைத் தூக்கத்தில் பசி ஒன்றுதான் எழுப்பும். என்னை எலி எழுப்புகிறது, திருடன் எழுப்புகிறான், செத்துப்போன அப்பாவும் வந்து எழுப்புகிறார். உலகத்துப் பசிக்கெல்லாம் நான் ஒருவனா பொறுப்பு? உங்கள் ஊரில் என் பத்தாயத்தைவிடப் பெரிய பத்தாயங்கள் இல்லையா?

ஆகையால், மனதுக்குள் கூப்பிட்டாலும் சாஸ்திரப்படி செல்லும் என்று உண்ணாமலைக்கு ஒரு வரி எழுதவும். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதுதான் வேதம்.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அம்பாள் உங்கள் கல்லாவையும் அடுப்பையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைசாமி

பின்குறிப்பு: மேலே கேட்டபடி எழுத வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்று வாசலுக்குப் போய் முணுமுணுத்தேன். ஒருவரும் இல்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்க. மூன்றாம் தரம் அப்பா குரலில். தெரு காலி. பெரியகருப்பன் விடியும்போதே எல்லோரையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்ப் பக்கம் நடந்துவிட்டானாம். "ஐயாவுக்குக் கூப்பிட வாய் வரல. நாம எதுக்கு அவுகளச் சங்கடப்படுத்தணும்" என்று உண்ணாமலையிடம் சொல்லிவிட்டுப் போனானாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சான். இலை போட்டது போட்டபடி கிடக்கிறது. தபால் தாமதமாகும் என்று இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கிட்டு அவர்களைக் கண்டால், குழந்தைசாமி கூப்பிடுகிறான் என்று சொல்லவும். இது நாலாவது தரம். வாசலில் நின்று கத்தினால் அவ்வளவு தூரம் கேட்காது என்பதால்தான் எழுதுகிறேன்.