பதினான்காம் கேள்வியும் என் ரப்பரும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மாப்பிள்ளை வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுகிறார் என்றும் நம்புகிறேன். இங்கே உடம்பளவில் நான் சௌக்கியம். உன் மகளும் சௌக்கியம். இன்றைய தேதி வரை அவளுக்கு விஷயம் தெரியாது என்பதால் அந்தச் சௌக்கியம். கடிதத்தின் கனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாய், மாப்பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்பார். அவர் முன்னாலாவது நான் இன்னும் கொஞ்ச நாள் பேராசிரியராக இருந்துவிட்டுப் போகிறேன். அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி.

உன் மகள் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாய், என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய் என்று கேள்வி. நானே சொல்கிறேன். பிழைப்புக்காக வேறு நாட்டுக்குப் போனவர்கள், என்றாவது திரும்பிப் போவோம் என்ற எண்ணத்தால் போன இடத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அவள் விஷயம். சீக்கிரம் கிளம்பப் போகிறவன் நல்ல கட்டில் வாங்க மாட்டான், அந்த ஊர் மொழியை அரைகுறையாகவே பேசுவான், சொந்தமாகக் கடை போடத் தயங்குவான். இதையெல்லாம் அளந்து பார்க்க முப்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை அச்சடித்து வைத்திருந்தாள். நம் ஆட்களிடம் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் அவளைக் கண்டதும் கேள்விக்குப் பதில் சொல்லாமல், "உனக்கு எப்பம்மா கல்யாணம்?" என்று அவளையே கேள்வி கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவள் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "கொண்டா இங்கே, நான் வாங்கி வருகிறேன்" என்று மூக்கை நுழைத்தவன் நான்தான். ஓய்வு பெற்று மூன்று வருடமாக ஜன்னலில் நின்று பஸ் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று அப்படி ஒரு உற்சாகம். போகும்போது ஒரு டஜன் பென்சில்களைச் சீவி எடுத்துக்கொண்டு போனேன். கணக்குப் போடுகிறவன் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. முப்பத்தொரு வருடம் மாணவர்களை அதட்டி வளர்த்த கொள்கை. அது என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்.

வேலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதலில் சலவைக் கடைக்குப் பக்கத்தில் துணி திருத்தும் தையல்காரர். வந்து இருபத்தாறு வருடம். பதினான்காம் கேள்வி: இன்னும் எத்தனை ஆண்டுகளில் ஊர் திரும்புவதாக இருக்கிறீர்கள்? "ரெண்டு வருஷம் சார். பையன் படிப்பு முடியட்டும், கிளம்பிட வேண்டியதுதான்" என்றார். பையன் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், முன்மண்டையில் முடி கொட்டவும் ஆரம்பித்துவிட்டான். அடுத்து, வந்து மூன்றே மாதம் ஆன ஒரு நர்ஸ். "ரெண்டு வருஷம் அங்கிள், அதுக்கு மேல என்னால முடியாது." அடுத்து, பத்தொன்பது வருடமாக டாக்சி ஓட்டுகிறவர். அவர் வீட்டு சோபா வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் சத்தம் போடுகிறது. "இதை எடுத்துடலாமே" என்றேன். "எடுத்தா அழுக்காயிடும் சார். போறப்ப வித்துட்டுப் போகணும்ல. இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்றார். பேக்கரிக்காரர் வந்து முப்பத்தொரு வருடம். அவரும் இரண்டு என்றார். அவர் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் தமக்கும் மனைவிக்கும் இடம் வாங்கிவிட்டார் என்பது எனக்குத் தெரியும், கேட்டேன். "அது சும்மா ஒரு பாதுகாப்புக்கு சார். அப்புறம் எடம் தீர்ந்து போச்சுன்னா?" என்றார். இப்படி எழுபத்தொரு பேர். அதில் அறுபத்தாறு பேர் பதினான்காம் கேள்விக்கு எழுதியது "இரண்டு".

இனிதான் என் வெட்கக்கேடு ஆரம்பம். என் துறை குவாண்டம் புலக் கோட்பாடு என்று உனக்குத் தெரியும். அது என்னவென்று நீ கேட்டதில்லை, கேட்காததுதான் நம் பாசத்துக்கு அடிப்படை என்றும் நினைக்கிறேன். இப்போது ஒரு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு எலக்ட்ரானைப் பற்றிக் கணக்குப் போட்டால் நியாயமான விடை வராது, முடிவிலி என்று வந்து நிற்கும். நாங்கள் அசர மாட்டோம். அந்த முடிவிலியிலிருந்து இன்னொரு முடிவிலியைக் கழித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்வோம். சோதனைக்கூடத்தில் அளந்தால் அந்த மிச்சம் பல தசம இடம் வரைக்கும் பொருந்தும். அபத்தமான விடையைச் சுத்தம் செய்து உண்மையை வெளியே எடுப்பதுதான் என் தொழில். சாப்பாட்டு மேசையில் எழுபத்தொரு தாள்களையும் பரப்பிக்கொண்டு பார்த்தேன். மூன்று மாதம் ஆனவளும் இரண்டு, முப்பத்தொரு வருடம் ஆனவரும் இரண்டு. இது எப்படி விடையாகும்? நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் மாறாத காத்திருப்பு உலகத்தில் உண்டா? அபத்தம் என்று முடிவு கட்டினேன். ரப்பரை எடுத்தேன்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதை மட்டும் நம்பு. ஒருவர் வந்து எத்தனை வருடம், என்ன வயது, பிள்ளைகள் எத்தனை என்பதையெல்லாம் போட்டு ஒரு சூத்திரம் எழுதி, அவர் உண்மையில் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை நானே எழுதினேன். நர்ஸுக்கு மூன்று. தையல்காரருக்கு இருபத்தெட்டு. பேக்கரிக்காரருக்கு முப்பத்தொன்பது, அந்தக் கணக்குப்படி அவர் ஊர் திரும்பும்போது அவருக்கு வயது நூற்றிரண்டு ஆகியிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கையெழுத்து வித்தியாசம் தெரியக்கூடாது என்று சாய்த்து எழுதுகிறவர்களுக்குச் சாய்த்தும், அழுத்தி எழுதுகிறவர்களுக்கு அழுத்தியும் எழுதினேன். நல்ல எண்ணம் உள்ளவன் எதற்காகக் கையெழுத்தை மாற்றினான் என்று கேட்காதே. அந்தக் கேள்வியை நானே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள் அதையெல்லாம் கணினியில் ஏற்றினாள். திரையில் ஒரு வளைகோடு வந்தது பார், ஒரு பிசிறு இல்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுந்து நின்றே விட்டாராம். சமூக அறிவியலில் இப்படி ஒரு சுத்தமான கோட்டை வாழ்நாளில் கண்டதில்லை என்று சொல்லி, உடனே ஒரு கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்தார். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் பேசி முடித்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு அம்மா எழுந்தார். இந்த ஊர் மொழியில் அவர் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "நூத்தி ரெண்டு வயசுல ஒருத்தர் ஊருக்குத் திரும்பப் போறேன்னு சொல்லியிருக்காரே, அது எப்படி? மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா பதில் சொல்லி நான் பார்த்ததில்ல. இந்தத் தாள்ல யாராவது கை வெச்சாங்களா?" உன் மகளின் முகம் சிவந்துவிட்டது. "நிச்சயமா இல்ல. ஒவ்வொரு தாளையும் வாங்கிட்டு வந்தது என் மாமா. அவரும் விஞ்ஞானிதான். என்னை நம்புறதைவிட அவரை நான் அதிகமா நம்புறேன்" என்று சொல்லி என்னைக் கைகாட்டினாள். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? பாதி எழுந்து, கை கூப்பி, எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை நினைத்தால் இப்போதும் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களை நான் தூக்கிப் போட விடமாட்டேன், பின்பக்கத்தில் கணக்குப் போட வைத்துக்கொள்வேன். போன வாரம் அப்படி ஒரு கட்டின் முன்பக்கத்தைத் தற்செயலாகப் படித்தேன். உன் மகள் கைவிட்ட ஓர் அத்தியாயம். தலைப்பு "நகரும் இரண்டு வருடம்". புலம்பெயர்ந்தவர்கள் எப்போது கேட்டாலும் இரண்டே வருடத்தில் திரும்புவதாகச் சொல்வார்கள், அந்த இரண்டு ஒருபோதும் ஒன்றாகக் குறையாது, அவர்கள் வாழ்க்கை முழுவதையும் அந்த இரண்டுதான் நடத்துகிறது என்பது அவளுடைய யூகம். எங்கிருந்து வந்தது இந்த யூகம் என்றும் எழுதியிருந்தாள். "என் தாய்க்கு அவருடைய அண்ணன் எழுதிய கடிதங்களிலிருந்து. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய அவருடைய இரண்டு வருடம், நான் விமானம் ஏறிய அன்றும் இரண்டாகவே இருந்தது." ஓரத்தில் சிவப்பு மையில் வழிகாட்டியின் ஒரு வரி: "தரவு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. கைவிடுக."

எதிராக இருந்தது தரவு இல்லை, நான்தான். எந்த நேரத்தில் பார்த்தாலும் மாறாமல் இருப்பது எதுவோ அதைத்தான் எங்கள் துறையில் முதலில் தேடுவோம். அது கிடைத்தால் விருந்தே வைப்போம். அப்படி ஒன்று என் சாப்பாட்டு மேசைக்கே வந்து அறுபத்தாறு தடவை தன்னைக் காட்டியது. நான் ஊதி ஊதி ரப்பர் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள் தங்கச்சி. நான் அழித்தேன். அதுவும் என்னைப் பார்த்துக் கண்டுபிடித்ததை நானே அழித்தேன்.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தப் பொய் வளைகோட்டை வைத்து இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னால் எவராவது கண்டுபிடித்தால் பட்டம் போகும், பெயர் போகும், ஏமாற்றுக்காரி என்பார்கள். மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை வானிலையைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் தடவை வாயைத் திறக்கும் முன்பே, "மாமா, நன்றியுரையில முதல் பேரே உங்க பேர்தான்" என்றாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஆகவே நீதான் பக்குவமாக அவளிடம் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயதில் தங்கையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். முப்பத்து நான்கு வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று எழுதினேன். நீயும் எனக்காக மாடி அறையைப் பூட்டி வைத்து, வாரம் ஒரு முறை பெருக்கித் துடைக்கிறாய். பல் டாக்டர் ஒருவர் அதை வாடகைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய், என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. நான் வரப்போவதில்லை. இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் எழுதிவிட்டேன், இனி அந்தப் பொய்யை உனக்கு எழுத மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், இந்தக் கதையைச் சொல்லாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

தலைகுனிந்த உன் அண்ணன்

பி.கு.: உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது உன் மகள் வந்துவிட்டாள். "அம்மாவுக்கா? இவ்வளவு தடிமனா என்ன மாமா எழுதினீங்க?" என்றாள். எட்டுப் பக்கம் எழுதியதை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன், எப்படி என்று எனக்கே தெரியவில்லை. ஆகையால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு வழிகாட்டிக்குப் போன் போட்டு, தாள்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, கருத்தரங்கில் சொன்னது செல்லாது, இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்றாள். திருத்தியது யார் என்று அவர் கேட்டபோது போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. போனை வாங்கி நானே சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை, எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

எழுபத்தொரு பேரையும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டுமாம். "நீங்களும் வாங்க, ஆனா எதையும் தொடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் திடீரென்று, "மாமா, உங்க தாள் எங்க?" என்றாள். "எனக்கு எதுக்கும்மா, நான் வாங்கப் போனவன்" என்றேன். "நீங்களும் பொழைக்க வந்தவர்தானே. சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று எதிரே உட்கார்ந்தாள். பதின்மூன்று கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பதினான்காவதைக் கேட்டாள். எல்லாம் தெரிந்தவன், இந்தக் கடிதத்தை எழுதி இன்னும் மை காயாதவன், வாயைத் திறந்தேன். "ரெண்டு வருஷம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்கும், நம்பு, பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. ஆகவே மாடி அறையை அந்தப் பல் டாக்டருக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு வருடம்தானே.