சாமித்தம்பியின் குழாய்க்குப் பின்னால்

ஓர் அரை மரதன் போட்டியில் நான் முதலாவதாக ஓடியிருக்கிறேன். முதலாவதாக வந்தேன் என்று சொல்லவில்லை, ஓடியிருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் ஒரு வயல்வெளி இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஆரையம்பதியில் வீடு, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை, அளவான தொந்தி. பள்ளிக்கூட நாட்களில் நீண்ட தூர ஓட்டத்தில் மாகாண மட்டம் வரை போனவன் என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிச் சொல்லி ஒருநாள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கொழும்பு மரதனில் ஓடுவதென்று முடிவெடுத்தேன்.

விடிய முன் எழும்பி வாவிக்கரை வீதியால் ஓடுவேன். எங்கள் பக்கத்தில் வயது வந்த ஓர் ஆண் காரணமில்லாமல் ஓட முடியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி, பஸ்ஸை விட்டுவிட்டீர்களா, ஆஸ்பத்திரியில் யாரும் இருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் வானை என் பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே வந்து, ஏறச் சொல்லி மன்றாடினார். இது பயிற்சி என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் தண்ணிப் போத்தலையாவது தாங்க சேர், அங்க வச்சிட்டுப் போறன்" என்றார். (கொடுத்துவிட்டேன். எந்த 'அங்க' என்று இன்றுவரை தெரியாது.)

வீட்டிலோ என் மனைவி சுகந்தி, நான் வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் நாடித்துடிப்பைப் பற்றி விரிவுரை நடத்துவதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டக்காரன் என்ன சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று மாமியாருக்கே வகுப்பெடுத்தேன். கேட்டுக்கொண்டிருந்து இரண்டாம் முறையும் பிட்டுப் போட்டார். நானும் சாப்பிட்டேன்.

இந்த நிலையில்தான் செங்கலடியில் ஒரு விளையாட்டுக் கழகம் அரை மரதன் போட்டி நடத்துவதாக அறிவித்தது. முதலாவதாக வருகிறவரைக் கழகமே தன் செலவில் கொழும்பு மரதனுக்கு அனுப்பும். எனக்காகவே வைத்த போட்டி என்று நினைத்தேன். அலுவலகத்தில் அப்படியே சொல்லியும் விட்டேன். அவர்கள் நம்பி, பட்டீஸோடு எனக்கு ஒரு வழியனுப்புத் தேநீர் விருந்தும் வைத்துவிட்டார்கள். இனித் தோற்க முடியாது.

சுகந்தியின் தம்பி கஜனும் பெயர் கொடுத்தான். அவன் செங்கலடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறவன். கடைக்குச் சாப்பாடு வந்தால்தான் கதிரையை விட்டு எழும்புவான். ஓடுகிற எல்லோருக்கும் இலவசமாக ரீசேட் சட்டை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தான்.

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியால் போய், வீதியில் வைத்திருக்கும் ஒரு பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். வழிகாட்ட முன்னால் சிவப்புக் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள் போகும். கொடிக்குப் பின்னால் வந்தால் போதும், வேறொன்றும் யோசிக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தப் புத்திமதியை நான் கடைசிவரை கடைப்பிடித்தேன்.

வியர்வையில் வழுக்கும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால் அன்று நன்றாகத்தான் ஓடினேன். ஏறாவூர் நௌசாத், பக்கத்து மாவட்டங்களிலெல்லாம் வென்று வந்த ஆள், எனக்கு இரண்டடி பின்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் இருபது பேர் வரை. கஜன் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவன் அப்போதே ஒரு கடை வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

கொடிக்காரரும் ஒரு மனிதர்தான் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் வந்து சேர நேரமெடுக்கும் என்று கணக்குப் போட்டு, அவர் ஒரு வளைவில் பிளேன்டீ குடிக்க இறங்கிவிட்டார். நாங்கள் அவரைத் தாண்டி ஓடியது அவருக்கும் தெரியவில்லை. அதே நேரம் பக்கத்து ஒழுங்கையால் இன்னொரு மோட்டார் சைக்கிள் வீதிக்கு ஏறியது. நீளமான பிளாஸ்டிக் குழாய்களைப் பக்கவாட்டில் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி முடிந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது சிவப்பு மட்டும்.

சிவப்பு, கிரவல் மண் வீதிக்குத் திரும்பியது. நானும் திரும்பினேன். பின்னால் வந்தவர்கள் என் குதிகாலைப் பார்த்து ஓடியவர்கள்; அவர்களும் திரும்பினார்கள். கிரவல் வீதி வாய்க்கால் கட்டாகி, கட்டு வரம்பாகியது. வழியில் இயற்கைக் காட்சியையும் சேர்த்திருக்கிறார்களே என்று கழகத்தை மனதுக்குள் பாராட்டினேன்.

குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார். என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டு நானும் கூட்டினேன். அவர் மறுபடியும் பார்த்தார். வரம்பில் மோட்டார் சைக்கிள் சரிந்தது. அதை அப்படியே போட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

கண்ணாடி இல்லாத எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கிருந்தோ ஒருவன் முளைத்து எனக்கு முன்னால் ஓடுகிறான் என்பதுதான். வெறுங்கால், நல்ல ஓட்டம். தேநீர் விருந்து ஞாபகம் வந்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவரைப் பிடித்தேன். தாண்டும்போது, விளையாட்டு வீரனுக்குரிய பெருந்தன்மையோடு முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டார். நான் இன்னும் கொஞ்சத் தூரம் தனியாக ஓடினேன். அதற்கு மேல் சேறு.

திரும்பி வந்தபோது, மூச்சு வாங்கி நின்ற இருபது பேருக்கு நடுவில் அவர் கைகூப்பிக் கொண்டிருந்தார்.

"அடிச்சிராதீங்க மனே. நல்லதம்பிர வயலுக்குப் போற தண்ணிய மறிச்சது நான்தான். இப்பவே தொறந்து உடுறன்."

"நாங்க ஓடி வந்த ஆக்கள்" என்றேன், மூச்சு வாங்கியபடி.

"அது விளங்குது" என்றார்.

அவர் பெயர் சாமித்தம்பி என்றும், பக்கத்து வயல் நல்லதம்பியோடு பல நாளாகத் தண்ணீர்ச் சண்டை என்றும் பிறகுதான் அறிந்தோம். நாங்கள் எதுவும் கேட்காமலே வாய்க்காலில் இறங்கி, மண்மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டார். தண்ணீர் சத்தத்தோடு மற்ற வயலுக்குப் பாய்ந்தது. நௌசாத் மட்டும் வயல் முதலாளிகளைக் கூப்பிடும் மரியாதையோடு, "போடியார், பதுள ரோட்டுக்கு எப்படிப் போற?" என்று கேட்டான். அதைக் கேட்டுத்தான் நாங்கள் வழி தவறிவிட்டோம் என்பது எனக்கு விளங்கியது.

வரம்பு வரம்பாக நடந்து, வெயில் ஏறிய பிறகு கிடைத்த ஓர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறிச் செங்கலடிக்கு வந்தோம். சந்தியில் மேளம் முழங்கியது. கழுத்தில் மாலையோடு, அழுகிற முகத்தோடு கஜன் நின்றான். தேநீர் முடித்துவந்த கொடிக்காரருக்கு வீதியில் கிடைத்த ஒரே ஓட்டக்காரன் அவன்தான். பாதி நடந்து பாதி ஓடி முடித்தவன், தான்தான் கடைசி ஆள், மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று மன்றாடியும் ஒருவரும் கேட்கவில்லையாம். என்னைக் கண்டதும், "அத்தான், இவங்களுக்குச் சொல்லுங்க, எனக்கு ரீசேட் மட்டும் போதும்" என்றான்.

கழகம் அவனைத்தான் கொழும்புக்கு அனுப்பியது. மாமியார் என்னையும் சும்மா விடவில்லை. அவனைப் பயிற்றுவித்தது நான். கொழும்பில் அவன் செருப்பையும் வாழைப்பழத்தையும் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றதும் நான். முழுத் தூரத்தையும் ஓடி முடித்தான், அது வேறு விசயம்.

கதை அதோடு முடிந்திருக்கும், நல்லதம்பி மட்டும் சும்மா இருந்திருந்தால். மாவட்டக் கச்சேரி அலுவலகம், கமக்காரர் கூட்டம் என்று அலைந்தும் கிடைக்காத தண்ணீரை, பிரதேச செயலக உத்தியோகத்தர் ஒருவர் இருபது பேரோடு ஓடி வந்து வாங்கித் தந்தார் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லிவிட்டார். நான் எத்தனை தரம் மறுத்தும், எனக்குத் தன்னடக்கம் என்றே வைத்துக்கொண்டார்.

போன மாதம் கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வீடு தேடி வந்தாராம். நான் ஓடப் போயிருக்கிறேன் என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள்.

அவர் குரலைத் தாழ்த்தி, "யார்ர வயலுக்குப் புள்ள?" என்று கேட்டாராம்.

இப்போது நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுகிறார்கள்.