பட்டமளிப்புக்கு வந்த நாய்

எனக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் குடும்பத்துக்குள் என்னளவுக்கு அலட்டியவர் எவருமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. குருநகரில் பிறந்து வளர்ந்து, பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு கமரா வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டியில் ஏறிவிடுவேன். கோப்பாயில் வாழைப்பொத்திக்கு வரும் தேன்சிட்டு, மண்டைதீவுப் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் கொக்கு, பல்கலைக்கழகக் கம்பஸ் மதிலில் ஓடும் அணில் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கோப்பாயில் ஒரு தோட்டக்காரர் என்னை வாழைக்குலை களவெடுக்க வந்தவள் என்று நினைத்து விசாரித்தார். (கமராவைக் கண்டபிறகு காணி அளக்க வந்தவள் என்று நினைத்து இன்னும் பயந்துபோனார், பாவம்.)

அந்தக் கமராவில் ‘விலங்கு’ என்று ஒரு தெரிவு இருந்தது. அதைப் போட்டுவிட்டால், எதிரே நிற்கும் பறவையின் அல்லது ஆட்டின் கண்ணைக் கமரா தானாகவே தேடிப் பிடித்து, அதன்மேல் சின்னதாக ஒரு பச்சைச் சதுரம் காட்டும். அந்தக் கண் துலக்கமாக வரும். முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்து மங்கிவிடும். தேன்சிட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்த வருடம்தான் என் அக்காவின் மகள் ஜெனி பட்டம் பெற்றாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. (நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவள்.) அவளுடைய தகப்பன், என் அத்தான், கடற்தொழில் செய்பவர். கலியாணம், முதல்நன்மை என்று எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் அத்தான் இருக்கமாட்டார். ஒன்றில் கடலில் நிற்பார், இல்லையென்றால் கதிரை தூக்கிக்கொண்டு நிற்பார். அடையாள அட்டையில் உள்ளதைத் தவிர அவருக்கென்று ஒழுங்கான படம் எதுவும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவர், மகளின் பட்டமளிப்புக்கென்று தானாகவே போய் ஒரு ஸ்ரூடியோவில் சொல்லிவைத்திருந்தார்.

நான் மறித்தேன். வீட்டில் நான் இருக்க வெளியாள் எதற்கு என்று கேட்டேன். அதோடு விட்டேனா? அன்றைக்கு எவரும் போனில் படமெடுத்து மானத்தை வாங்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டேன். பிள்ளை படிச்சது, அதுக்குத் தெரியும் என்று அக்காவும் நம்பிவிட்டார்.

பட்டமளிப்பு நாளில் அத்தான் புது வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, சப்பாத்துக் கடிக்கக் கடிக்க நடந்து வந்தார். கட்டடத் தூண்களுக்கு முன்னால் ஒன்று, பெரிய மரத்தடியில் ஒன்று, பூப்பாத்தி ஓரத்தில் ஒன்று என்று ஜெனி, அக்கா, அத்தான் மூன்று பேரையும் மத்தியான வெயிலில் இழுத்துக்கொண்டு திரிந்தேன். அத்தான் பலகைபோல விறைத்து நின்றார்.

“சிரியுங்கோவன் அத்தான்,” என்றேன்.

“நான் சிரிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்,” என்றார்.

எங்கள் பின்னாலேயே மண்ணிறத்தில் ஒரு கம்பஸ் நாய் வந்துகொண்டிருந்தது. ஒரு காது கிழிந்தது. ஜெனி நாலு வருடமாக அதற்குச் சாப்பாட்டில் பங்கு கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. விட்டுப் போக மறுத்தது. நாங்கள் நிற்கும் இடத்துக்குப் பத்தடி பின்னால் அதுவும் வந்து படுத்துக்கொள்ளும். கமராவில் பச்சைச் சதுரம் மின்னும். ஜெனியின் முகத்தில்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பொத்தானை அமத்துவேன். எடுத்ததைச் சரிபார்க்கத் திரையைப் பார்த்தால் வெயிலுக்குள் மூன்று உருவம் தெரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் நாய் நேரே வந்து அத்தானின் சப்பாத்தை மணந்தபோது, “உந்த நாயைக் கலைச்சுவிடுங்கோ, படம் பழுதாப் போகுது,” என்று கத்தினேன்.

பின்னேரம் அக்கா வீட்டில், ஒழுங்கைச் சனமெல்லாம் தேத்தண்ணியோடு கூடியிருக்க, கமராவை ரீவியில் கொழுவினேன். சுவரில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கலண்டரைக் கழற்றி, புதுப் படத்துக்கென்று இடம் விட்டிருந்தார்கள்.

முதல் படம் வந்தது. முன்னால் கஞ்சித்தண்ணிக்குள் விழுந்ததுபோல மூன்று பேர். அவர்களுக்கு நடுவால், தூணோரத்தில், ஒவ்வொரு மயிரும் எண்ணக்கூடியதாக அந்த நாய். அடுத்த படத்தில் நாய் கொட்டாவி விட்டது. அதற்கடுத்ததில் சொறிந்தது. மரத்தடிப் படத்தில் முகத்தைத் தூக்கி, எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதுபோல இருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு போட்ட ‘விலங்கு’ தெரிவை நான் மாற்றவேயில்லை. நூறு படத்துக்கு மேல். முதலில் ஒழுங்கைச் சனம் சிரித்தது. பத்தாவது படத்துக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அத்தான் எழும்பினார். “பரவாயில்லை பிள்ளை. அதுக்கும் ஒரு படம் வேணும்தானே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். ஏசியிருந்தால் நான் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பேன்.

அடுத்தநாள் காலை கரைக்குப் போனேன். அத்தான் வலையில் சிக்கிய மீன்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டமளிப்பு உடுப்பை எங்காவது இரவல் வாங்கி, எல்லாரையும் திரும்பக் கூட்டிப்போய் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் வலையிலிருந்து நிமிரவில்லை.

“வேண்டாம் பிள்ளை. நேத்து அவள் மேடையால இறங்கி நேர என்னட்டைத்தான் வந்தவள். இனி உடுப்புப் போட்டு நிண்டால் அது நாடகம்.”

பத்துப் பதினைந்து சொல்லில் எனக்கு விளங்காத ஒன்றை விளங்கவைத்துவிட்டார். அவள் இறங்கி வந்த நேரம் நான் எங்கே நின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். வெளிச்சம் சரியில்லை என்று தூண்பக்கம் இடம் தேடிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு கொக்குக்காக ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்ற நான், இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த மனிசனுக்கு ஒரு நிமிடம் பொறுக்கவில்லை. கமராவைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஜெனி வந்து அதை எடுத்துத் தரச்சொன்னாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். நாய் சப்பாத்தை மணந்த இடத்தில் நிறுத்தினாள். நான் கத்திக்கொண்டே அமத்திய படம் அது. அத்தான் நாயைத் தடவக் குனிந்திருக்கிறார். அவருடைய முகம் நாயின் முகத்துக்கு நேரே வந்திருக்கிறது. ஆகவே கமரா அவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வெயில் கறுத்த முகம், கண்ணோரச் சுருக்கம், வாய் நிறையச் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜெனி பின்னால் மங்கலாக, அவரின் முதுகில் கைவைத்தபடி சிரிக்கிறாள்.

“சித்தி, இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ,” என்றாள்.

உன் முகம் தெரியவில்லையே என்றேன். தன் முகத்தைத் தான் தினமும் கண்ணாடியில் பார்ப்பதாகச் சொன்னாள்.

அந்தப் படம்தான் திருஇருதயத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வருடம் ஜெனியின் கலியாணத்துக்கு ஸ்ரூடியோக்காரர் வந்தார். எனக்கும் ஒரு பொறுப்புத் தந்தார்கள்: கோயில் வாசலில் நாய் வராமல் பார்த்துக்கொள்வது. (சரியாகத்தான் செய்தேன். ஒரு பூனை மட்டும் வந்தது.)

கலியாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, உங்கடை வீட்டு நாயோ என்று கேட்டார்.

அத்தான் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எங்கடை இல்லை. அவர் மகளோட ஒண்டாப் படிச்சவர்.”