ரெசீனாவும் அப்புத்துரையின் பெயரும்

புளியங்குளம்
1993 ஆவணி

அன்பு மைத்துனர் நிரஞ்சன் அறிவது,

பிள்ளையார் காவலில் நானும் உம்முடைய அக்கா நேசமலரும் நலம். பின்லாந்துக் குளிரில் நீர் விறைத்துப்போகாமல் இருக்க இருவரும் வேண்டுகிறோம்.

உம்முடைய கடிதம் கிடைத்த நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. தண்டவாளத்தில் மனிசர் மிதித்து ஓட்டும் ரொலியை அங்கே ரெசீனா என்று சொல்வதாகவும், அது டிரைஸ் என்ற ஜேர்மன்காரனின் பெயரிலிருந்து வந்ததாகவும் எழுதியிருந்தீர். அவன்ரை பேர் ஜேர்மனியிலை டிரைசீனே ஆகி, சுவீடனிலை டிரெசீன் ஆகி, பின்லாந்துக்குள்ளை போகேக்கை முன்னுக்கு நிண்ட எழுத்தையும் பறிகுடுத்திட்டுதாம். செக்பொயின்ரிலை ஆமிக்காரர் எங்களிட்டைப் பற்றரியும் சவுக்காரமும் பறிக்கிற மாதிரித்தான் போலை. ஆனாலும் அந்த மனிசன்ரை பேர் இண்டைக்கும் ஓடுது மச்சான்! அப்ப அப்புத்துரை எண்ட என்ரை பேர் ஓடினால் என்ன? யாழ்தேவி ரயில் நிண்டு மூண்டு வருசம், எங்கடை பக்கம் ஒரு துண்டுத் தண்டவாளம் பங்கருக்குக் கழட்டாமல் சும்மா கிடக்குது. இரண்டு சைக்கிளைப் பலகையிலை பூட்டி, இரும்புச் சில்லுப் போட்டு, முன்னுக்கு 'அப்புத்துரை' எண்டு பெரிசாய் எழுதினன். உம்மடை அக்கா பாத்திட்டு, "பேர் வடிவாய் இருக்கு, பிறேக் எங்கை?" எண்டு கேட்டா. பேர் வைக்கிற நேரத்திலை பிறேக்கை ஆர் யோசிக்கிறது?

சனம் பாத்துக்கொண்டு நிக்க, அவாவையும் நெல்லுமூட்டையையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். சும்மா பறந்தது மச்சான், யாழ்தேவியே ஓட்டுற மாதிரி எனக்கு ஒரே சந்தோசப் புளுகம். இறக்கத்திலை பாத்தால், செல்வநாயகத்தின்ரை எருமை லைனுக்கு நடுவிலை படுத்து அசைபோடுது. கத்தினன், அது திரும்பியும் பாக்கேல்லை. நான் பாய்ஞ்சிட்டன். பயத்திலை இல்லை, பாரத்தைக் குறைக்க. அவா பாயேல்லை. வண்டியோடை கயித்தாலை கட்டியிருந்த மூட்டையைப் பின்னாலை தள்ளிவிட்டா. அது இழுபட்டு இழுபட்டு, வண்டி எருமையின்ரை மூக்கடியிலை போய் நிண்டுது. நான் முழங்கால் உரஞ்சி நொண்டிக்கொண்டு வர, அவா இறங்காமல் இருந்துகொண்டு சொன்னா:

"ஏறுங்கோ. உங்கடை பேரை விட்டிட்டுப் போறியள்."

இந்தப் பாய்ஞ்ச கதையை அங்கை ஒருத்தருக்கும் சொல்லாதேயும். பின்லாந்துக்காரர் கேட்டால், ரெசீனாவுக்கு வன்னியிலை அப்புத்துரை எண்டு பேர் எண்டு மட்டும் சொல்லும்.

வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடியாமல், நெடுநாள் நல்லாயிரும்.

உம்முடைய அத்தான்,
அப்புத்துரை

பி.கு: இதைத் தபாலிலை சேர்க்க வெளிக்கிட்டால், ஸ்ரேசனடியிலை மூட்டைகளோடை நிண்ட சனம், "நேசமலர் எப்ப வரும்?" எண்டு கேக்குது. அவா ஓட்டினால்தான் ஏறுவினமாம். நானும் என்னையறியாமல், "நேசமலர் பின்னேரம் வரும்" எண்டிட்டன். அதாலை, மேலை எழுதின பேரை வெட்டிப்போட்டு உம்மடை அக்கான்ரை பேரைச் சொல்லும். வண்டியிலையும் அழிச்சு எழுதிப்போட்டன். பின்னுக்கு மூட்டையோடை இருக்கிறது நான். இப்ப பிறேக் நான்தான்.