மீசை நீங்கலாகச் சகலதும்

தண்ணீரூற்று,
ஆவணி 2003.

வவுனியாவில் சீரும் சிறப்புமாயிருக்கும் என் மருமகன் அஜந்தனுக்கு, முத்துலிங்கம் மாமா எழுதுவது. நானும் உன் மாமி இராசமலரும் சுகம். உன் சுகத்துக்கு முறிகண்டிப் பிள்ளையார் பொறுப்பு.

உன் மாமன் இன்று கடனற்ற மனிதன்! சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் சனம் வெள்ளமாக வரும் என்று நான் போட்ட குளிர்பானக் கடை உனக்குத் தெரியும். கரண்ட் இல்லாத ஊரில் ஜெனறேற்றர் வைத்து, சித்திரை வெயிலிலும் ஊரைப் போர்வை போர்த்த வைத்த கடை. வந்த சனம் கண்டி வீதியால் நேரே யாழ்ப்பாணம் போய்விட்டது. ஜெனறேற்றர் குடித்த மண்ணெண்ணெயில் ஒரு கப்பல் லண்டன் போய்த் திரும்பியிருக்கும். கடனுக்கு எண்ணெய் தந்த வீரகத்தியும் பால் தந்த விமலேஸ்வரியும் படலையில் வந்து நின்றார்கள். வேறொருவன் என்றால் ஓமந்தை தாண்டி ஓடியிருப்பான். நானோ, "என்னட்டை உள்ளது முழுக்க உங்களுக்குத்தான், வித்துப் பிரியுங்கோ" என்று, ஊருக்குத் திரும்பிவந்து கடை போட்டிருக்கும் மஹ்றூப்பைப் பொறுப்பாக்கி, சாவியை அவர் கையில் வைத்தேன். நாட்டைக் கொடுத்த மன்னர்கள்கூட முடியை வைத்துக்கொண்டார்கள். நான் மீசையையும் நீட்டினேன்.

"அண்ணை, மீசைக்கு ஆர் விலை கேப்பினம்? அதை நீங்களே வச்சிருங்கோ" என்றார் மஹ்றூப்.

"மஹ்றூப் நானா, என்ர பால் காசை முதல்ல தாங்கோ" என்றா விமலேஸ்வரி.

"அப்பிடி ஏலாது தங்கச்சி. வாற காசிலை அவரவர் கடனுக்கு ஏத்த பங்கு. ஆருக்கும் முதலும் இல்லை, கடைசியும் இல்லை."

குளிர்பெட்டி, ஜெனறேற்றர், கதிரை மேசை எல்லாம் விற்றும் கால்வாசிக் கடன் மிஞ்சியது. "மிச்சத்துக்கு என்ன செய்யப்போறியள்?" என்று வீரகத்தி கேட்டபோது நான் தலை குனியவில்லை, செருப்பைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்போதுதான் பின்கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்த தண்ணீர் இறைக்கும் மெசின் கண்ணில் பட்டது. "இதைப் பூட்டினால் முத்தையன்கட்டுக் குளம் மத்தியானத்துக்குள்ள வத்திப்போம்!" என்று நானே கூவினேன். தோட்டக்காரர் முட்டி மோதினார்கள். மிச்சக் கடன் முழுவதும் தீர்ந்தது!

இப்போது சந்தியில் என்னைக் கண்டால் வீரகத்தியே சைக்கிளால் இறங்குகிறார். முழு வன்னியிலும் ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்கவேண்டாத ஒரே ஆம்பிளை உன் மாமன்தானடா! நீயும் என்னைப்போலத் தலை நிமிர்ந்து நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஊர் மெச்சும் மாமன்,
முத்துலிங்கம்.

பி.கு.: இதை வாசித்துக் காட்டியபோது மாமி சொன்னா: "ஐயோ, அது அஜந்தன் காலபோக விதைப்பு வரைக்கும் வச்சிருக்கச் சொல்லித் தந்த மெசினல்லோ!" ஓமடா தம்பி. ஆகவே உலகத்தில் இப்போது நான் ஒரே ஒருவருக்குத்தான் கடன், அதுவும் சொந்தத்துக்குள்ளே. பங்கு பிரிக்கும் கரைச்சலும் இல்லை. மிஞ்சிய சொத்து முழுவதும் உனக்கே. வரும்போது ஒரு சவரக்கத்தி கொண்டு வா.